குளக்கரைக்கு எந்தப் பலகை? உள்ளங்காலைக் கேளுங்கள்

பொங்கோலில் நான் குடியிருக்கும் கூட்டுரிமைக் குடியிருப்பின் நீச்சல் குளத்தைச் சுற்றிப் பலகைத் தளம் ஒன்று இருக்கிறது. கட்டியபோது முழுவதும் மரம். மழையும் வெயிலும் பட்டுப் பட்டு இப்போது சாம்பல் நிறமாகிவிட்டது. ஆங்காங்கே உளுத்துப்போன பலகைகளைப் பெயர்த்து எடுத்துவிட்டு, அந்த இடங்களில் மட்டும் கரும்பழுப்பு நிறத்தில் புதிய பலகைகளைப் பொருத்தியிருக்கிறார்கள். தூரத்தில் பார்த்தால் அவையும் மரம்தான். கிட்டப் போனால் மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் கலந்து வார்த்த கலவைப் பலகை என்று தெரியும். குளத்தின் விளிம்பில் சாம்பல் நிறக் கருங்கல்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு என் நான்கு வயது மகனை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப் போனேன். மரப் பலகைகளில் ஓடிக்கொண்டிருந்தவன் ஒரு பழுப்புப் பலகையில் கால் வைத்ததும், "அப்பா, சுடுது!" என்று கத்தித் துள்ளினான். துள்ளிப் போய் நின்றது விளிம்புக் கல்லில். அங்கே கத்தவில்லை, நேராக அழுகைதான். தூக்கிப் பார்த்தபோது இரண்டு உள்ளங்கால்களும் சிவந்திருந்தன.

மறுநாள் அதே நேரத்தில் அகச்சிவப்பு வெப்பமானியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். அறிவியல் ஆசிரியரின் வீட்டில் இது எப்போதும் ஒன்று கிடக்கும். பழைய மரத்துக்கும் கருங்கல்லுக்கும் அது ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் காட்டியது. பழுப்புப் பலகை இரண்டையும்விடச் சில டிகிரி கூடுதல். அப்படியென்றால் மகன் பழுப்புப் பலகையில்தானே அதிகம் அழுதிருக்க வேண்டும்? ஏன் கல்லில் அழுதான்? கல்லும் மரமும் ஒரே வெப்பநிலையில் இருக்கும்போது, மரத்தின் மேல் மட்டும் எப்படி ஓடிக்கொண்டிருந்தான்?

இதை ஒரு புதிராக மட்டும் உங்களிடம் சொல்லவில்லை. எங்கள் குடியிருப்பின் பொதுக்கூட்டம் அடுத்த மாதம் கூடுகிறது. பழைய தளத்தை முழுவதுமாகப் பெயர்த்துவிட்டு என்ன போடுவது என்று வாக்கெடுக்கப் போகிறார்கள். நிர்வாகக் குழுவின் பரிந்துரை அதே கரும்பழுப்புக் கலவைப் பலகை. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏன் என்று உங்களிடம் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சிங்கப்பூரில் சொந்தக் கொல்லைப்புறத்தில் குளம் வைத்திருப்பவர்கள் மிகச் சிலர்தான். ஆனால் கூட்டுரிமைக் குளம், மனமகிழ் மன்றக் குளம், பொது நீச்சல் வளாகம் என்று ஏதோ ஒரு குளத்தின் கரையில் வெறுங்காலோடு நிற்காத மாணவர் இங்கே அபூர்வம். தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் உங்களுக்கு வாக்கில்லை. சுடும்போது மட்டும் கால் உங்களுடையது.

முதலில் வெயிலின் கணக்கைப் பார்ப்போம். நாம் நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை டிகிரிகூட வடக்கே இல்லை. மார்ச்சிலும் செப்டம்பரிலும் உச்சிப்பொழுதில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே நிற்கும். அந்த உச்சிப்பொழுதும் 12 மணிக்கு வருவதில்லை. 1982 ஜனவரி முதல் நாள் நம் கடிகாரத்தை உலக நேரத்திலிருந்து 8 மணி நேரம் முன்னே வைத்துக்கொண்டோம். நம் தீர்க்கரேகைக்கு உரியது 7 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவுதான். அதனால் சூரியன் உச்சிக்கு வரும்போது நம் கடிகாரத்தில் பிற்பகல் ஒரு மணியாகிவிடும். தரை சூடேறி முடிய இன்னும் ஒரு மணி நேரம் பிடிக்கும். இரண்டு மணி நீச்சல் வகுப்பு என்றால் தரையின் மிக மோசமான நேரம் என்று பொருள்.

மேகமில்லாத அந்த நேரத்தில் ஒரு சதுர மீட்டர் தரையில் விழும் சூரிய ஆற்றல் ஏறத்தாழ 1,000 வாட். ஒரு சிறிய இஸ்திரிப் பெட்டியை ஒவ்வொரு சதுர மீட்டரிலும் வைத்தது போல. சிங்கப்பூரில் பதிவான மிக உயர்ந்த காற்று வெப்பநிலை 37.0 டிகிரி செல்சியஸ். 1983 ஏப்ரல் 17ல் தெங்காவிலும், 2023 மே 13ல் அங் மோ கியோவிலும். அது நிழலில் அளந்த காற்றின் எண். காற்று 32 டிகிரியில் இருக்கும் சாதாரண நாளிலேயே வெயில் தின்ற தரை 60ஐத் தொடலாம். "இன்றைக்கு 32தானே" என்று கைப்பேசியைப் பார்த்துவிட்டு வெறுங்காலில் இறங்குகிறவர் தவறான எண்ணைப் பார்க்கிறார்.

விழும் 1,000 வாட்டில் எவ்வளவு உள்ளே போகும் என்பதை முதலில் தீர்மானிப்பது நிறம். கரும்பழுப்புப் பரப்பு பத்தில் ஒன்பது பங்கை விழுங்கிக்கொள்ளும். வெளிர் மணல் நிறம் பாதியைத் திருப்பி அனுப்பிவிடும். பொருள் எதுவாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. நீங்கள் வெயிலில் கறுப்புச் சட்டை போட்டுப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான். இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

விளக்க வேண்டியது அடுத்தது. நம் தோல் வெப்பமானி இல்லை. தரை எத்தனை டிகிரி என்று அதற்குத் தெரியாது. தரையைத் தொட்ட பிறகு தன் வெப்பநிலை எத்தனை டிகிரிக்கு ஏறுகிறது என்பதைத்தான் அது உணரும். காலும் தரையும் தொடும் இடத்தில் ஒரு கயிறிழுப்பு நடக்கிறது. கால் 34 டிகிரிக்கு இழுக்கிறது. தரை 60க்கு இழுக்கிறது. யார் பலசாலியோ அவர் பக்கம் எண் சாயும்.

அந்தப் பலத்துக்கு இயற்பியலில் எஃபியூசிவிட்டி என்று பெயர். தமிழில் 'வெப்பம் கொடுக்கும் வேகம்' என்று சொல்லிக்கொள்வோம். வெப்பக் கடத்துதிறன், அடர்த்தி, தன்வெப்ப ஏற்புத்திறன் மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் அது கிடைத்துவிடும். மூன்றும் உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருப்பவை. அலகை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். தோராயமாக, தோலுக்கு 1,100. பாலாவ் போன்ற கனமான மரத்துக்கு 500. கலவைப் பலகைக்கு 800. கான்கிரீட்டுக்கு 1,700. கருங்கல்லுக்கு 2,400. அலுமினியத்துக்கு 24,000.

இப்போது கணக்கு. தோலின் பலத்தை அதன் வெப்பநிலையாலும், தரையின் பலத்தை அதன் வெப்பநிலையாலும் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டி, பலங்களின் கூட்டுத்தொகையால் வகுங்கள். தரை எல்லாம் 60 டிகிரி என்று வைத்துக்கொண்டு நீங்களே போட்டுப் பாருங்கள். மரத்தில் கால் வைத்தால் தொடும் இடத்தில் 42 டிகிரி வரும். கலவைப் பலகையில் 45. கான்கிரீட்டில் 50. கருங்கல்லில் 52. அலுமினியத்தில் 59, அதாவது கால் அங்கே முற்றாகத் தோற்றுவிடுகிறது.

42க்கும் 45க்கும் மூன்று டிகிரிதானே வித்தியாசம் என்கிறீர்களா? அந்த மூன்று டிகிரிக்கு நடுவில்தான் ஒரு எல்லைக்கோடு ஓடுகிறது. நம் தோலில் உள்ள வலி நரம்புகளில் டிஆர்பிவி1 என்ற புரதம் இருக்கிறது. சுமார் 43 டிகிரிக்கு மேல் அதன் வாயில் திறந்து, 'சுடுகிறது' என்ற செய்தி மூளைக்குப் போகிறது. இந்தப் புரதத்தை 1997ல் அடையாளம் கண்டவர் டேவிட் ஜூலியஸ். 2021ல் மருத்துவ நோபல் பரிசு பெற்ற இருவரில் ஒருவர். அவர் அதைத் தேடிப் போனது சுடும் தரையை வைத்து அல்ல, மிளகாயின் காரத்தை வைத்து. காரப் பொருளான கேப்சைசினும் இதே வாயிலைத்தான் திறக்கிறது. மிளகாய் கடித்தால் 'எரியுது' என்கிறோமே, அது உவமை இல்லை. நரம்புக்கு இரண்டும் ஒன்றுதான்.

என் மகனின் கால் இந்தக் கணக்கைச் சரியாகவே போட்டிருக்கிறது. மரத்தில் கோட்டுக்குக் கீழே, ஓடினான். பலகையில் கோட்டைத் தாண்டியது, கத்தினான். கல் அதைவிடக் குறைந்த வெப்பநிலையில் இருந்தும் கோட்டை எங்கோ தாண்டிவிட்டது. அகச்சிவப்பு வெப்பமானி பொய் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்விதான் தவறு.

ஒரு எச்சரிக்கை. இந்தச் சூத்திரம் தொட்ட முதல் சில நொடிகளுக்கு மட்டும். நின்றுகொண்டே இருந்தால் ரத்த ஓட்டம் வெப்பத்தை எடுத்துச் செல்லும். மரப் பலகையில் கால் பட்ட இடம் மெல்ல ஆறும். கல்லோ அடியிலிருந்து மேலும் மேலும் வெப்பத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். பெரியவர்களின் உள்ளங்கால் தோல் தடித்திருப்பதால் அவர்களுக்குச் சற்றுப் பொறுக்கும். "எனக்கு ஒன்றும் சுடவில்லையே" என்று சொல்லும் நிர்வாகக் குழு உறுப்பினரின் காலும் நான்கு வயதுக் குழந்தையின் காலும் ஒன்றல்ல. தோல் எவ்வளவு தாங்கும் என்பதை மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1947ல் வெளியிட்டார்கள். தோலின் பரப்பு 44 டிகிரியில் இருந்தால் தீக்காயம் உண்டாக ஏறக்குறைய 6 மணி நேரம் ஆகிறது. 60 டிகிரி என்றால் 5 நொடி போதும். இடைப்பட்ட 16 டிகிரிக்குள் காலம் மணிக்கணக்கிலிருந்து நொடிக்கணக்குக்குச் சரிந்துவிடுகிறது.

இதெல்லாம் நம் பாட்டிமார்களுக்குத் தெரியாததல்ல. தமிழ்நாட்டுக் கோயில்களில் கோடைக்காலத்தில் கருங்கல் பிரகாரத்தில் தேங்காய் நார்ப் பாய் விரித்து வைப்பார்கள். சில இடங்களில் தண்ணீர் தெளிப்பார்கள். சில இடங்களில் நடைபாதையின் மேல் வெள்ளை வண்ணம் பூசியிருப்பார்கள். மூன்றையும் இயற்பியலாகப் படித்துப் பாருங்கள். நார்ப் பாய்க்கு வெப்பம் கொடுக்கும் வேகம் மிகக் குறைவு. வெள்ளை வண்ணம் வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. தண்ணீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக எடுத்துக்கொள்ளும் ஆற்றல், ஒரு சதுர மீட்டரில் 40 நிமிடம் விழும் முழு வெயிலுக்குச் சமம். நம் ஊரின் ஈரக் காற்றில் ஆவியாதல் மெதுவாகத்தான் நடக்கும் என்பது உண்மை. ஆனாலும் சிராங்கூன் சாலையில் பகலில் கோயிலுக்குப் போய், செருப்பைக் கழற்றிய இடத்திலிருந்து மண்டபத்து நிழலுக்குத் தாவித் தாவி ஓடியவர்களுக்கு, நடுவில் கால் கழுவும் குழாயடியில் ஈரமான நாலு சதுரம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று தெரியும்.

தீமிதி பற்றி வகுப்பில் எப்போதும் ஒரு கை உயரும். சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயிலில் ஆண்டுதோறும் நடப்பதுதான். கனன்ற கரித்துண்டின் வெப்பநிலை பலகையைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால் கரி இலேசானது, வெப்பத்தை மெதுவாகத்தான் கொடுக்கும், கால் அதில் படும் நேரமும் சிறிது. இதைச் சொல்வதால் பக்தி குறைந்துவிடாது. பக்தியைச் சொல்வதால் இயற்பியலும் மாறிவிடாது. அந்தக் குழியில் இரும்புத் தகடு ஒன்றைப் போட்டால் யாரும் நடக்க முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். வீட்டில் எதையும் சோதித்துப் பார்க்கவும் வேண்டாம்.

இனி எங்கள் கூட்ட அறைக்கு வருவோம். குளிர்சாதனம் ஓடும் அறை. மேசை மேல் ஐந்து மாதிரித் துண்டுகள்: மரம், கரும்பழுப்புக் கலவை, வெளிர் நிறத்தில் ஒரு கான்கிரீட் பலகை, கருங்கல், ஓரத்துக்குப் போடும் அலுமினியப் பட்டை. எல்லோரும் தடவிப் பார்த்தார்கள். "இந்த பிரவுன் கலர் நல்லா இருக்கு, கிளாஸா இருக்கு." வெயிலில் பத்தாண்டு கிடக்கப் போகும் பொருளை 24 டிகிரி அறையில் கண்ணால் தேர்ந்தெடுக்கிறோம் என்பது யாருக்கும் விநோதமாகப் படவில்லை.

நான் ஒரு குடுவையில் பனிக்கட்டி கொண்டுபோயிருந்தேன். ஒவ்வொரு துண்டின் மேலும் ஒரே அளவுள்ள ஒரு கட்டியை வைத்தேன். "எது முதலில் உருகும்?" தொட்டால் சில்லென்று இருந்த அலுமினியத்தில்தான் கடைசியில் உருகும் என்று பலரும் சொன்னார்கள். உருகியது அதில்தான் முதலில். அடுத்து கருங்கல், பிறகு கான்கிரீட், கலவை. மரத்தின் மேலிருந்த கட்டி கூட்டம் முடியும் வரை மிச்சமிருந்தது. சில்லென்று தோன்றுவதும் சுடுவதும் ஒரே குணத்தின் இரண்டு முகம்: அறையில் உங்கள் கையிலிருந்து வேகமாக வெப்பத்தை உறிஞ்சும் பொருள், வெயிலில் உங்கள் காலுக்கு அதே வேகத்தில் அதைக் கொடுக்கும். குளுகுளு அறையில் "ஆகா, குளிர்ச்சியா இருக்கு" என்று கருங்கல்லைத் தேர்ந்தெடுப்பவர் நேர் எதிரான முடிவை எடுக்கிறார்.

அப்படியானால் மரத்தையே மீண்டும் போட்டுவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கால்களின் வாக்கு அதற்குத்தான். ஹெண்டர்சன் சாலைக்கு 36 மீட்டர் மேலே அலைபோல வளைந்து நிற்கும் ஹெண்டர்சன் வேவ்ஸ் பாலத்தில் நடந்திருப்பீர்கள். 2008ல் திறந்த அந்தப் பாலத்தின் தளம் மஞ்சள் பாலாவ் மரம். தென்கிழக்காசியக் காடுகளில் வளர்வது, வெயிலையும் மழையையும் நன்றாகத் தாங்கும். வெயிலின் புற ஊதாக் கதிர்கள் மரத்தைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னினைச் சிதைக்கின்றன. மழை அதைக் கழுவிக்கொண்டு போகிறது. மிஞ்சுவது வெள்ளிச் சாம்பல் நிறம். எங்கள் பழைய பலகைகளுக்கு நடந்ததும் இதுதான். அசிங்கம் என்று குழு சொல்கிறது. அந்தச் சாம்பல் நிறம் புதுமரத்தின் அடர்நிறத்தைவிடக் காலுக்கு நல்லது என்று நான் சொன்னபோது யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆனால் பாலாவ் என்ற பெயரில் விற்கப்படுவது ஷோரியா என்ற பேரினத்தைச் சேர்ந்த பல மரங்கள். அவற்றில் பலவும் இன்று அழியும் ஆபத்துள்ள இனங்களின் பட்டியலில் இருக்கின்றன. எஃப்எஸ்சி போன்ற சான்று பெற்ற மரம் கிடைக்கும், விலை கூடும். அதோடு ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊரில், குளத்து நீர் தெறித்துக்கொண்டே இருக்கும் இடத்தில், மரம் காய்வதற்கு நேரமே கிடைப்பதில்லை. பூஞ்சைக்கும் கரையானுக்கும் கொண்டாட்டம். சிம்பு எழுந்தால் காலில் ஏறும். ஒரு குளக்கரைக்காக எங்கோ இருந்த பெருமரத்தை வெட்டி, பதினைந்து ஆண்டில் அதையும் உளுக்கவிட்டு மறுபடியும் வெட்டுவது எனக்கு உறுத்துகிறது.

கலவைப் பலகைக்கும் நியாயம் செய்ய வேண்டும். உளுக்காது, கரையான் தின்னாது, சிம்பு இல்லை, எண்ணெய் பூச வேண்டியதில்லை. ஆலைக் கழிவான மரத்தூளும் பழைய பிளாஸ்டிக்கும் அதில் பயன்படுகின்றன. இதனால்தான் விளம்பரத் தாளில் 'பசுமை' என்ற சொல் மூன்று முறை வருகிறது. ஆனால் மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் ஒன்றாக உருக்கிச் சேர்த்த பிறகு, ஆயுள் முடியும்போது அவற்றைப் பிரித்தெடுப்பது எளிதல்ல. மரம் ஈரத்தில் உப்பும் என்றால், இது வெயிலில் நீளும். பலகைகளுக்கு இடையே தக்க இடைவெளி விடாவிட்டால் வளைந்து எழும். எங்கள் குடியிருப்பில் ஏற்கெனவே இரண்டு எழுந்து நிற்கின்றன. என் சண்டை கலவைப் பலகையோடு அல்ல. கரும்பழுப்புக் கலவைப் பலகையோடுதான். அதே பலகை வெளிர் நிறத்தில் இருந்தால் பாதி வாதத்தை நானே திரும்பப் பெற்றுக்கொள்வேன்.

கணக்கை இன்னொரு முறை போடுங்கள், இந்த முறை நிறத்தையும் சேர்த்து. கரும்பழுப்புக் கலவைப் பலகை 65 டிகிரிக்கு ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். வெளிர் நிறக் கான்கிரீட் 45ல் நிற்கிறது என்போம். பலகையில் கால் படும் இடம் 47 டிகிரி. கான்கிரீட்டில் 41. வெப்பத்தை இரண்டு மடங்கு வேகமாகக் கொடுக்கும் கான்கிரீட், நிறத்தால் மட்டுமே ஜெயித்துவிட்டது. பொருள் முதலில், நிறம் அப்புறம் என்று நினைக்கிறோம். நம் வெயிலுக்கு வரிசை தலைகீழ்.

இதைப் பார்க்க நான் அதிக தூரம் போக வேண்டியதில்லை. பொங்கோல் முனைப் பக்கம் கடலோர நடைபாதையை நகர மறுசீரமைப்பு ஆணையம் அமைத்தபோது, மரம்போலத் தெரியும் தளங்களுக்குக் கண்ணாடி இழை கலந்த கான்கிரீட் பலகைகளைப் பயன்படுத்தியது. உங்களில் பலர் அதன் மேல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போயிருப்பீர்கள், மரம் என்றே நினைத்திருப்பீர்கள். உப்புக் காற்றையும் மழையையும் தாங்க அது நல்ல தேர்வு. அங்கே நின்றால் எதிரே புலாவ் உபின் தெரியும். உபின் என்ற பெயரே 'ஜூபின்' என்ற மலாய்ச் சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். தரைக்குப் போடும் கல் என்று பொருள். அந்தத் தீவின் கருங்கல்லை வெட்டி எடுத்துத்தான் 1850, 51ல் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தைக் கட்டினார்கள். கலங்கரை விளக்கத்துக்கு அதைவிட நல்ல பொருள் இல்லை. அங்கே யாரும் வெறுங்காலில் ஓடிப் பிடித்து விளையாடுவதில்லை.

வெளிர் நிறத்திலும் அளவு வேண்டும். பளீர் வெள்ளை போட்டால் கண் கூசும். திருப்பி அனுப்பப்படும் வெயில் உங்கள் முகத்துக்கு வந்து சேரும். வழவழப்பான ஓடு ஈரத்தில் வழுக்கும். காலையில் நீர்ப்பயிற்சிக்கு வரும் மூத்தோர் ஒருவர் விழுந்தால் இடுப்பெலும்பு போகும். ரொம்பச் சொரசொரப்பாக இருந்தால் குழந்தைகளின் முழங்கால் தேயும், பாசியும் பிடிக்கும். மணல் நிறம், துடைப்பத்தால் இழுத்தது போன்ற மெல்லிய வரிகள்: என் தேர்வு இதுதான். இதை எழுதும்போதே தெரிகிறது, விளம்பரத் தாளில் இது எடுபடாது. நடைபாதை மாதிரி இருக்கிறது என்பார்கள். இருக்கட்டுமே.

இன்னொருவரின் கையையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்காவில் தேநீர் குடிக்கும்போது, இப்படிப்பட்ட தளங்களைப் போடும் புதுக்கோட்டைக்காரர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். "மத்தியானம் அந்தக் கறுப்புப் பலகைய கையுறை இல்லாம தொட முடியாது சார். முழங்கால் போட்டுத்தான் ஆணி முடுக்கணும். கீழருந்தும் சூடு, மேலருந்தும் சூடு" என்றார். மனிதவள அமைச்சு 2023 அக்டோபரில் கொண்டுவந்த விதிப்படி, வெப்பம், ஈரப்பதம், வெயில் மூன்றையும் சேர்த்து அளக்கும் ஈரக்குமிழ் கோள வெப்பநிலை 32 டிகிரியை எட்டினால், கடினமான உடலுழைப்பில் ஈடுபடுவோருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு தர வேண்டும். 33 என்றால் 15 நிமிடம். நாம் ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அதன் மேல் முதலில் முழங்கால் போடுபவர் அவர்தான். எங்கள் கூட்டத்தில் அவருக்கும் வாக்கில்லை.

"செருப்புப் போட்டுக்கொண்டால் போகிறது" என்று ஒருவர் எழுந்து சொன்னார். நீந்திவிட்டு ஈரத்தோடு ஏறும் குழந்தை செருப்பைத் தேடிக்கொண்டா நிற்கும்? "ஒரு மணிக்கு யார் குளிக்கிறார்கள்?" என்றார் இன்னொருவர். பள்ளி முடிந்து மூன்று மணிக்கு வருபவர்கள் குளிக்கிறார்கள். தடித்த கல் தரை அப்போதும் ஆறியிருக்காது.

இதைவிட எளிதான வழி ஒன்று உண்டு, நிழல். நிழல் விழுந்த இடத்தில் மரமா, கல்லா, பலகையா என்ற கேள்வியே பெரிதாக எழாது. குளத்தின் மேற்கே இரண்டு மரம் வைத்தால் பிற்பகல் வெயில் பாதி போய்விடும். ஆனால் மரம் என்றதும் குழு முகம் சுளிக்கிறது: இலை விழும், வடிகட்டி அடைக்கும், பராமரிப்புச் செலவு. பாய்மரம்போல இழுத்துக் கட்டும் நிழல்துணியைக் கேட்டேன். "பார்ப்போம்" என்றார்கள். சிங்கப்பூரில் 'பார்ப்போம்' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

கூட்டத்தில் ஒன்றை மட்டும் வாங்கிவிட்டேன். ஐந்து மாதிரித் துண்டுகளும் இப்போது மேசையில் இல்லை; குளத்தோரம், வெயில் நேராக விழும் இடத்தில் கிடக்கின்றன. வாக்களிக்க விரும்புகிறவர்கள் பகல் ஒரு மணியிலிருந்து மூன்று மணிக்குள் வந்து புறங்கையால் தொட்டுப் பார்க்கலாம் என்று மின்தூக்கியில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம்.

உங்கள் குளக்கரையிலும் இதைச் செய்து பாருங்கள். முதலில் வீட்டுக்குள் பனிக்கட்டிச் சோதனை: ஒரு உலோகத் தட்டு, ஒரு ஓடு, ஒரு மரப்பலகை, ஒரு பிளாஸ்டிக் மூடி போதும், எது எத்தனை நிமிடத்தில் உருகுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பெரியவர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு வெயிலில் கிடக்கும் தளத்துக்குப் போங்கள். காலை வைக்காதீர்கள், புறங்கையை ஒரு நொடி மட்டும் வைத்து எடுங்கள். அகச்சிவப்பு வெப்பமானி கிடைத்தால் எண்ணையும் எழுதுங்கள், ஆனால் பளபளக்கும் உலோகத்தின் மேல் அது காட்டும் எண்ணை நம்பாதீர்கள். பளபளப்பான பரப்பு தன் கதிரை மிகக் குறைவாகவே உமிழும். கருவி வானத்தின் பிரதிபலிப்பை அளந்துவிட்டு உலோகம் குளிர்ந்திருப்பதாகச் சொல்லும். கையை வைத்தால் பழுத்துவிடும். நேரம், மேகம், பொருள், நிறம், ஈரமா உலர்வா என்று ஐந்து பத்திகள் உள்ள அட்டவணை போதும். ஒரே பொருளில் இரண்டு நிறம் கிடைத்தால் அதை விடாதீர்கள், எனக்கு மிகவும் தேவைப்படும் வரிசை அதுதான். எங்கள் வாக்கெடுப்புக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.